புதுப்பிப்பு: காருக்குள் குளிர்காற்று, ஓட்டை கிடைத்துவிட்டது

மார்கழி விடியலில் வேலூரிலிருந்து ஏலகிரி போகும்போது, கண்ணாடி எல்லாம் ஏற்றியும் இடது காலில் மட்டும் சில்லென்று காற்று அடிக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன் அல்லவா, பலரும் கதவு ரப்பர்தான் என்றீர்கள். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன், சுற்றிலும் இறுக்கமாகவே இருந்தது. சரி என்று ராத்திரி தம்பியை பானெட் பக்கம் நின்று டார்ச் அடிக்கச் சொல்லிவிட்டு உள்ளே குனிந்து பார்த்தால், கிளட்ச் பெடலுக்கு மேலே நட்சத்திரம் மாதிரி ஒரு வெளிச்சம்! பாட்டுப்பெட்டியின் ஆம்ப்ளிஃபையர் ஒயருக்காக, இன்ஜினுக்கும் காரின் உள்பக்கத்துக்கும் நடுவே உள்ள தகட்டில் துளை போட்ட கடைக்காரர் ரப்பர் வளையம் போடாமலே விட்டிருக்கிறார். அந்த வழியாக இன்ஜின் புகையும் வரும் என்பதுதான் எனக்குக் கோபம். வளையம் மாட்டி, சுற்றிலும் சிலிக்கோன் பசை தடவியாயிற்று.

அப்புறம், வெளிக்காற்றை அடைக்கும் லீவரை மூடியே வைக்கலாம் என்றவர்களுக்கு: வைத்தேன், மூச்சின் ஈரத்தில் பத்து நிமிடத்தில் முன்கண்ணாடி பனித்துவிட்டது, பதினான்கு கொண்டை ஊசி வளைவுள்ள மலைப்பாதையில் அது வேண்டாத வேலை. இப்போது லீவரைத் திறந்து வைத்து ஹீட்டர் போடுகிறேன். இன்ஜினைச் சுற்றும் கூலன்ட் சூடானால்தான் அதில் வெப்பம் வரும், அதனால் முதல் சில கிலோமீட்டருக்குக் கழுத்தில் மஃப்ளர்தான்.