ஆமைத் தடம் கண்டால் ஒரு போட்டோ எடுங்களேன்

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். தனுஷ்கோடிக் கரையில் கடலாமை முட்டையிடுவதைப் பற்றி ஆய்வு செய்கிறேன், வனத்துறை அனுமதியோடுதான். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ராத்திரி நடை. ஆனால் ஆள் இரண்டே பேர். நாங்கள் இந்தப் பக்கம் நடந்தால் ஆமை அந்தப் பக்கம் ஏறி இறங்கிவிடுகிறது!

போன வாரம் ஒரு அண்ணன் விடியக்காலை தகவல் சொன்னார். ஓடிப் போய்ச் சேர்வதற்குள் வாடைக்காற்று மணலை வாரி மூடிவிட்டது. மிச்சம் கிடைத்த தடம் ஒரு சாண். அதை வைத்து என்ன ஆமை என்று சொல்வது?

அதனால் கரைவலைக்குப் போகிறவர்கள் உதவ வேண்டும். தடத்துக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றி வைத்து, மேலிருந்து ஒரு போட்டோ. செருப்பு அளவு பார்க்கத்தான், பழசே போதும். துடுப்புக் குறி இடது, வலது என்று மாறி மாறி விழுந்திருந்தால் பெரும்பாலும் பங்குனி ஆமை. ஜோடி ஜோடியாக இருந்தால் பேராமையாக (பச்சை ஆமை) இருக்கலாம். அது இங்கே முட்டையிட ஏறுகிறதா என்பதுதான் என் கேள்வியே.

குழியை மட்டும் தோண்டாதீர்கள். உள்ளே நூறு முட்டைக்கு மேல்கூட இருக்கும், புரட்டினால் கரு செத்துவிடும்.

இன்னொன்று. 1964 புயலுக்கு முந்தைய தனுஷ்கோடியைப் பார்த்த பெரியவர்கள் வீட்டில் இருக்கிறார்களா? அப்போது ஆமை அதிகம் ஏறியது ஆண்கடல் (மன்னார் வளைகுடா) பக்கமா, பெண்கடல் (பாக் நீரிணை) பக்கமா என்று கேட்டுச் சொல்லுங்கள். நேரில் வந்து உட்கார்ந்து கேட்கவும் தயார்.