மறு: பாய்லர் 'கெட்டிலிங்': கொதியிரைச்சல் எனலாமா?

எல்லோருக்கும் வணக்கம். வீட்டைச் சூடாக்கும் பாய்லர், கொதிக்கப் போகும் கேத்தில் (கெட்டில்) போல இரைவதை ஆங்கிலத்தில் 'கெட்டிலிங்' என்கிறார்கள். நம் குடியிருப்பாளர் குறிப்பேட்டின் சொற்பட்டியலில் அதற்குத் தமிழில் என்ன போடலாம் என்ற பேச்சுக்கு என் பதில் இது. நான் சொல்வது 'கொதியிரைச்சல்'.

> கெட்டில் விசில் அடிப்பதுதானே மூலக் கருத்து? 'கொதிகலச் சீழ்க்கை' என்று வைத்துவிடலாமே.

இல்லை ஐயா, விசில் இதில் வரவே வராது. விசில் என்பது தண்ணீர் கொதித்த பிறகு ஆவி மூக்கு வழியே பீறிடும் சத்தம். பாய்லரில் கேட்பது அதற்கு முந்தியது. இன்று காலை தேநீருக்குக் கேத்திலைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு தூரத்துக் கடல் இரைவது போல மெல்ல ஓர் இரைச்சல் எழுந்து ஏறிக்கொண்டே போனது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியதும் சத்தம் இறங்கிவிட்டது. அடியில் உண்டாகும் ஆவிக் குமிழிகள் மேலே சூடேறாத தண்ணீரில் பட்டதும் நசுங்கிப் போகின்றன. அந்த நசுங்கல்தான் இரைச்சல். தண்ணீர் முழுக்கச் சூடாகிவிட்டால் குமிழிகள் நசுங்காமல் மேலே வந்துவிடும், சத்தமும் தணியும்.

பழைய பாய்லர், இந்த நடுக்கட்டத்திலேயே மாட்டிக்கொண்ட கேத்தில். தீயின் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் வெப்பமாற்றியின் உட்புறம் சுண்ணாம்போ, அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களிலிருந்து வரும் கறுப்புத் துருச் சேறோ படிந்துவிட்டால் தண்ணீர் ஓட்டம் குறையும், படிவுக்கு அடியில் உலோகம் மட்டுமீறிச் சுடும். குழாயில் ஓடும் தண்ணீர் 60, 70 பாகையில் இருக்க, அந்த ஒட்டிய இடத்தில் மட்டும் கொதிக்கும்.

அதனால்தான் எனக்குக் 'கொதியிரைச்சல்' பிடித்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், கொதிகலன் என்று நாம் பெயர் வைத்திருப்பது கொதிக்கவே கூடாத கலனுக்கு! வீட்டு பாய்லர் தண்ணீரைச் சூடாக்கத்தான் வேண்டும், கொதிக்க வைக்கக் கூடாது. கொதித்தால் அதுதான் கோளாறு. அந்தக் கோளாறு சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது.

> வினைத்தொகையாகப் பிரித்தால் இரைச்சலே கொதிக்கிறது என்று ஆகாதா?

'கொதி' பெயர்ச்சொல்லும்தான். "ஒரு கொதி வந்ததும் இறக்கு" என்று சமையலறையில் தினமும் சொல்கிறோமே. கொதியால் வரும் இரைச்சல், அவ்வளவுதான்.

இன்னொரு யோசனையான 'உலையிரைச்சல்' அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் உலை என்றதும் ஒருவருக்குச் சோற்றுப் பானை, இன்னொருவருக்குக் கொல்லன் பட்டறை, மூன்றாமவருக்கு அணு உலை. 'கெட்டிலிங்' என்றே விடலாம் என்பவர்களுக்கு ஒன்று: ஆங்கிலத்தில் அதே சொல் போராட்டக்காரர்களைப் பொலிஸ் வளைத்து அடைத்து வைப்பதற்கும் வழங்குகிறது. 2009 ஜி20 மாநாட்டின்போது லண்டன் செய்திகளில் நிறையவே அடிபட்டது. குடியிருப்பாளர் குறிப்பில் அது எதற்கு நமக்கு?

நான் இதை இவ்வளவு நீட்டுவதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. எங்கள் வீடு கிழக்கு லண்டனில். பாய்லருக்கு வயது பதினேழு. போன குளிர்காலத்தில் தொலைபேசியில் "சத்தம் போடுகிறது" என்று மட்டும் சொன்னேன். வந்தவர் ரேடியேட்டர்களில் காற்றை வெளியேற்றி, காசு வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்றிரவே இரைச்சல் திரும்பிவிட்டது. இரண்டாமவர் வந்ததும் கருவியை எடுக்கவில்லை. பாய்லரை ஓடவிட்டு, மூடியில் கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றார். பிறகு அழுத்தமானியைப் பார்த்து, "எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் ஏற்றுகிறீர்கள்?" என்றார். வாரம் ஒருமுறை. முள் 1 பாருக்கு (பார் என்பது அழுத்த அலகு) கீழே போகும், நான் குழாயைத் திறந்து நிரப்புவேன், அது வழக்கமாகிவிட்டது. மாடி அறை ரேடியேட்டர் வால்வில் கசிவு இருந்திருக்கிறது. ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் புதுத் தண்ணீரோடு புதுச் சுண்ணாம்பையும், துருவுக்குத் தீனியாகப் புது ஆக்சிசனையும் நானே உள்ளே விட்டிருக்கிறேன். கழுவியபோது வாளியில் விழுந்த தண்ணீர் மை போல இருந்தது. காந்தக் குச்சியை விட்டால் சேறு அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தது.

முதல் நாளே "இரைகிறது" என்று சொல்லியிருந்தால் ஒரு வருகைக்கான காசு மிஞ்சியிருக்கும். சத்தங்களைப் பிரித்துச் சொல்லத் தமிழில் பஞ்சமா? களகள என்றால் காற்றுப் பிடித்திருக்கிறது. டிக்டிக் என்றால் குழாய் சூட்டில் நீண்டு மரச்சட்டத்தில் உரசுகிறது, பெரும்பாலும் பயமில்லை. கிர்ர் என்றால் பம்பைப் பார்க்க வேண்டும். பற்றவைக்கும்போது 'டம்' என்று வெடித்தால் மட்டும் விளையாடக் கூடாது. எரிவாயு தாமதமாகப் பற்றுகிறது என்று பொருள். உடனே நிறுத்திவிட்டு, கேஸ் சேஃப் (எரிவாயு வேலை செய்பவர்களுக்கான பிரித்தானியப் பதிவேடு) பதிவுள்ளவரைக் கூப்பிட வேண்டும். பிரித்தானியாவில் பதிவில்லாதவர் கூலிக்கு எரிவாயு வேலை செய்வது சட்டப்படியும் குற்றம். குறிப்பேட்டில் கலைச்சொல்லுக்குப் பக்கத்தில் இந்த ஒலிச்சொற்களையும் போடலாம் என்பது என் எண்ணம். ஒரு பாட்டி தொலைபேசியில் "கொதியிரைச்சல்" என்று சொல்லமாட்டார், "தம்பி, பாய்லர் இரையுது" என்பார். அதைக் கேட்டு எழுதுகிறவருக்கு இரண்டும் ஒன்றென்று புரிந்தால் சரி.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. பட்டியலில் படிவுக்கு 'உப்பு' என்று போட்டிருக்கிறீர்கள் அக்கா. தமிழ்நாட்டில் அப்படித்தான் சொல்வார்கள், தெரியும். ஆனால் இது சாப்பாட்டு உப்பில்லை, கால்சியம் கார்பனேட். சாப்பாட்டு உப்பென்றால் வெந்நீரில் கரைந்து ஓடிவிடும், இது சூடு ஏற ஏறத்தான் படியும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரும் லண்டன் குழாய்த் தண்ணீரும் சுண்ணக்கல்லில் ஊறி வருபவை, அதனால் கேத்திலில் வெள்ளையாய்ப் படிவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். 'சுண்ணாம்புப் படிவு' என்று மாற்றலாமா? இந்தப் பட்டியல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் சொல்லுங்கள்.