மறு: தொரீ - தமிழில் எப்படிச் சொல்லலாம்?

வணக்கம்.

தொரீ என்ற ஜப்பானியச் சொல்லுக்குத் தமிழில் என்ன வைக்கலாம் என்ற கேள்விக்கு என் பதில் இது. ஜப்பானின் மரபு மதமான ஷிண்டோவின் கோயில்களுக்கு முன்னால் வாசலாக நிற்கும் தொரீயை "கோபுரவாசல்" என்று எழுதினால் படிக்கிறவர் மனதில் ஐந்து நிலை, ஏழு நிலை கோபுரம்தான் வரும். இங்கே அடுக்கும் இல்லை, கதவும் இல்லை. இரண்டு கால், மேலே இரண்டு குறுக்கு உத்தரம், அவ்வளவுதான். "தோரணவாயில்" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தொரீ என்பதே தோரணத்திலிருந்து வந்தது என்று முடிவாகச் சொல்ல முடியாது, அது இன்னும் விவாதத்தில் இருக்கிற விஷயம். அப்புறம், நமக்குத் தோரணம் என்றால் குறுக்கே கட்டித் தொங்கவிடுவது. அதை ஷிமேனாவாவுக்கு, அதாவது வெள்ளைக் காகித நறுக்குகள் தொங்கும் அந்த வைக்கோற்புரிக்கு, வைத்துக்கொள்வோமே.

என் பரிந்துரை "திருநிலைவாசல்". தச்சர்கள் வாசலுக்கு வைக்கும் மரச்சட்டத்தை நிலை என்கிறோம். தொரீ கதவு மாட்டாத நிலைதான். ஹிரோஷிமா பக்கத்து மியாஜிமா தீவில் இட்சுகுஷிமா கோயிலின் தொரீயைப் பாருங்கள். தீவே தெய்வம் என்பதால் கோயிலை மண்மேல் கட்டாமல், அலை ஏறி இறங்கும் இடத்தில் கட்டினார்கள் என்பது மரபு. இன்றைய அமைப்பு 1168 வாக்கில் தைரா நோ கியோமோரி என்ற போர்த்தலைவர் கொடுத்தது. இப்போது நிற்கும் தொரீ 1875இல் எழுப்பியது, 16 மீட்டருக்கு மேல் உயரம், சுமார் 60 டன் எடை. கற்பூர மரத்தாலான இரண்டு பெருங்கால்களையும் ஆழப் புதைக்கவில்லை, துணைக்கால்கள் நான்கு உண்டு. மேல் உத்தரம் உள்ளே பெட்டிபோலக் கூடாக இருக்கும், அதில் டன் கணக்கில் கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள், அந்தப் பாரத்தில்தான் நிற்கிறது. இதை விவரிக்கும்போது நிலைக்கால், உத்தரம் என்று நம் தச்சர்களின் சொற்களே போதும், புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை.

வெறும் "திருநிலை" என்று சுருக்கினால் என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். கிறித்தவர்கள் குருப்பட்டத்துக்குத் "திருநிலைப்பாடு" என்கிறார்கள், குழப்பம் வரும். கடலில் நிற்பதை வைத்துக் "கடல்நிலை" என்றாலோ வானிலை அறிக்கை மாதிரி ஆகிவிடும்.

அடுத்து, அதே இட்சுகுஷிமா கோயிலின் படகுத் திருவிழாவான கங்கென்சாய். அதற்குத் "தெப்பத் திருவிழா" சரிவராது. தெப்பம் குளத்துக்குள் சுற்றிவரும். இது பழைய நாட்காட்டியின் ஆறாம் மாதம் 17ஆம் நாள், தெய்வத்தைப் படகில் ஏற்றி, இசைக் கலைஞர்கள் வாசித்தபடி கடலைக் கடந்து எதிர்க்கரை ஜிகோசென் கோயிலுக்குப் போய் இரவில் திரும்புவது. கங்கென் என்றாலே குழலும் நரம்புக் கருவியும். ஆகவே "குழல்யாழ் விழா" என்று வைக்கலாமா? யாழ் சரியான கருவி இல்லை என்று யாராவது சண்டைக்கு வந்தால் "குழல்நரம்பு விழா"வுக்கும் நான் தயார், ஆனால் அது காதுக்கு நன்றாக இல்லை.