ரவுட்டருக்குள் எதற்கு இரண்டு டேபிள்?

தங்கச்சி: அண்ணே, நாளை வண்ணாரப்பேட்டையில் நெட்வொர்க் வேலைக்கு இன்டர்வியூ. ரவுட்டிங் டேபிள், ஃபார்வர்டிங் டேபிள் இரண்டும் ஒன்றுதானே?

அண்ணன்: இல்லட்டி. பாக்கெட் என்கிற தகவல் துண்டுகளை வழி பார்த்து அனுப்பும் கருவிதானே ரவுட்டர்? அதில் ரவுட்டிங் டேபிள் முடிவெடுக்கிற இடம், அது சிபியு வேலை. ரவுட்டர்கள் தங்களுக்குள் வழி சொல்லிக்கொள்ளும் முறைகள் பல: ஒரு நெட்வொர்க்குக்குள் ஓடும் ஓஎஸ்பிஎஃப் ஒரு வழி சொல்லும், நெட்வொர்க்குகளை இணைக்கும் பிஜிபி வேறு சொல்லும், நாம் கையால் போட்ட ஸ்டாட்டிக் ரூட்டும் இருக்கும். யார் பேச்சைக் கேட்பது என்று அங்கேதான் தீர்மானம்.

தங்கச்சி: எதை வைத்து?

அண்ணன்: சிஸ்கோ ரவுட்டர்களில் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ், அதாவது வழி சொன்னவரை எவ்வளவு நம்பலாம் என்கிற எண். ஸ்டாட்டிக் 1, வெளி பிஜிபி 20, ஓஎஸ்பிஎஃப் 110, ரிப் என்கிற பழைய முறைக்கு 120. குறைந்த எண்ணுக்கே மதிப்பு.

அத்தை: சாப்பிட்டீங்களா ரெண்டு பேரும்?

தங்கச்சி: அம்மா சொதி வைத்திருக்கிறாள் அத்தை. இதைக் கேட்டுவிட்டுப் போகிறேன்.

அண்ணன்: ஜெயித்த வழி மட்டும் ஃபார்வர்டிங் டேபிளுக்கு இறங்கும். பெரிய ரவுட்டர்களில் அது போர்ட்டுகள் உள்ள லைன் கார்டு சிப்பிலேயே இருக்கும். எந்த போர்ட்டில் வெளியே விடுவது, பக்கத்து ரவுட்டரின் மேக் முகவரி (போர்ட்டின் வன்பொருள் முகவரி) என்ன, எல்லாம் முன்கூட்டியே தயார். பிஜிபி சொல்லும் நெக்ஸ்ட் ஹாப், அதாவது அடுத்து அனுப்பச் சொல்லும் ரவுட்டர், நாலு ரவுட்டர் தள்ளிக்கூட இருக்கும். பாக்கெட் வந்த பிறகு அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. 100 ஜிகாபிட் போர்ட்டில் பொடிப் பாக்கெட்டுகளாக வந்தால் நொடிக்குச் சுமார் 14.88 கோடி பாக்கெட்!

பெரியப்பா: நான் ஜங்ஷன் ஆர்.எம்.எஸ்.ஸில், ரயில்வே தபால் பிரிவில், தபால் பிரித்தவன். பின்கோடு 627 என்றால் நம்ம பக்கத்துக் கட்டு. 627002 என்று முழுதாகப் பார்த்தால்தான் பாளையங்கோட்டைப் பை. அது மாதிரியா?

அண்ணன்: அதேதான் பெரியப்பா! லாங்கஸ்ட் ப்ரிஃபிக்ஸ் மேட்ச், அதாவது முகவரியின் முன்பகுதி (ப்ரிஃபிக்ஸ்) அதிக நீளத்துக்குப் பொருந்தும் வழிக்கே முதலிடம். /8 என்றால் முதல் 8 பிட் பொருந்த வேண்டும், /16 என்றால் 16 பிட். 10.0.0.0/8, 10.20.0.0/16 இரண்டும் இருக்கும்போது 10.20.5.9-க்குப் பாக்கெட் வந்தால் /16 வழியாகத்தான் போகும்.

தங்கச்சி: /8 ஸ்டாட்டிக், /16 ரிப் என்றால்? ஸ்டாட்டிக்குக்குத்தானே மதிப்பு?

அண்ணன்: நல்ல கேள்வி, நாளைக்குக் கேட்டாலும் கேட்பார்கள். அப்போதும் /16 தான். டிஸ்டன்ஸ் பார்ப்பது ஒரே ப்ரிஃபிக்ஸுக்கு இரண்டு பேர் வழி சொன்னால் மட்டும். இவை வேறு வேறு ப்ரிஃபிக்ஸ், இரண்டுமே டேபிளில் ஏறிவிடும்.

தங்கச்சி: சரி, ரவுட்டிங் டேபிளில் வழி இருந்தும் பாக்கெட் போகாமல் இருக்குமா?

அண்ணன்: இருக்கும். 2014 ஆகஸ்ட் 12-ஐப் படித்துக்கொள். உலக பிஜிபி ரூட்டுகள் 512 கே, அதாவது ஐந்து லட்சத்துச் சொச்சம், என்கிற எல்லையைத் தாண்டின. பழைய ரவுட்டர்கள் சிலவற்றில் ஃபார்வர்டிங் சிப்பின் டிகேம் என்கிற வேகத் தேடல் நினைவகத்தில் அவ்வளவுக்குத்தான் இடம். ரூட் தெரிந்திருந்தும் சிப்பில் எழுத இடமில்லை, பல இடங்களில் இணையம் தடுமாறியது. அதனால்தான் சொல்கிறேன், கோளாறு வந்தால் ‘ஷோ ஐபி ரூட்’ கட்டளையில் ரவுட்டிங் டேபிளைப் பார்த்ததோடு நிறுத்தாதே, ‘ஷோ ஐபி செஃப்’ போட்டுச் சிப்புக்குக் கொடுக்கிற டேபிளையும் பார்.

பெரியப்பா: எந்தக் கட்டிலும் சேராத பாக்கெட் வந்தால்?

அண்ணன்: 0.0.0.0/0 என்று டிஃபால்ட் ரூட் இருந்தால் அது வழியே போகும் பெரியப்பா. அதுவும் இல்லையென்றால் ரவுட்டர் பாக்கெட்டைக் கைவிட்டு, ‘போய்ச் சேர வழியில்லை’ என்று அனுப்பியவருக்கு ஐசிஎம்பி என்கிற பிழை அறிவிப்புத் தகவல் விடும்.