கன்சாஸ் உடைந்தது மதமாற்றத்தாலா, பாட்டெழுதும் பங்காலா?

ஆர்கன்பிரியன்:
1981-ல் பாடகர் ஸ்டீவ் வால்ஷ் அமெரிக்க ராக் குழுவான கன்சாஸை விட்டுப் போனதற்கு ஈகோதான் காரணம் என்பவர்கள் தேதிகளைப் பார்ப்பதில்லை. 1979 ஜூலை, மோனோலித் ஆல்பத்துக்கான சுற்றுப்பயணம். கூடவே வந்த லெ ரூ குழுவின் ஜெஃப் பொல்லார்டும், கன்சாஸின் கிடாரிஸ்டும் முக்கியப் பாடலாசிரியருமான கெரி லிவ்கிரெனும் பைபிளை வைத்து விடாமல் வாதாடினார்கள். அதுவரை யுரான்ஷியா என்ற ஆன்மிக நூலை நம்பியிருந்த லிவ்கிரென், இண்டியானாபொலிஸில் ஹோட்டல் அறையில் கிறிஸ்தவரானார். பிறகு பேஸ் வாசித்த டேவ் ஹோப்பும். 1980-ல் ஆடியோ-விஷன்ஸ் ஆல்பம். 1981 அக்டோபரில், அடுத்த ஆல்பத்துக்கான வேலை நடக்கும்போதே வால்ஷ் வெளியேறினார்.

பாடகரின் இக்கட்டு மற்றவர்களுக்கு இல்லை. வரியை நம்பாவிட்டாலும் டிரம்மருக்குத் தாளம் மாறாது. பாடகரோ "நான்" என்று தொடங்கும் வரியைத் தினமும் தன் வாயால், தன் பெயரில் சொல்ல வேண்டும். வால்ஷ் தாங்க முடியாமல் போனது அதைத்தான்.

வயலின்மணி:
ஆர்கன் சார், தேதிகள் சரி, முடிவு தவறு. லிவ்கிரென் ஆன்மிகம் எழுதத் தொடங்கியது 1979-ல் இல்லை. வால்ஷ் புகழடைந்ததே அந்தத் தேடல் பாட்டுகளைப் பாடித்தான்.

உண்மையான விரிசல் 1976-ல் விழுந்தது. லெஃப்டோவர்ச்சர் ஆல்பத்தில் 8 பாட்டு. 5 லிவ்கிரென் தனியாக எழுதியவை. வால்ஷுக்கு அப்போது எழுத்தே வரவில்லை. அவர் மட்டும் தனியாக எழுதியது ஒன்றுகூட இல்லை. அந்த ஆல்பம்தான் குழுவைத் தூக்கி நிறுத்தியது, 'கேரி ஆன் வேவர்ட் சன்' பாட்டு அமெரிக்கத் தரவரிசையில் 11-ம் இடம் வரை போனது. அதன்பின் குழுவுக்கு யார் எழுத்து என்பது தீர்ந்துபோன விஷயம். வால்ஷ் மீண்டும் எழுதத் தொடங்கியபோது ஒவ்வொரு ஆல்பத்திலும் இடத்துக்குப் போட்டி.

இன்னொன்று. லிவ்கிரென் மதம் மாறியபின் வெளியிட்ட தனி ஆல்பம் சீட்ஸ் ஆஃப் சேஞ்ச், 1980. வெளிப்படையான கிறிஸ்தவ ஆல்பம். அதில் ஒரு பாட்டைப் பாடியவர் வால்ஷ். கூடவே ஹெவி மெட்டல் பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோ இரண்டு பாட்டு! வரிகள்தான் கசந்தன என்றால் அங்கே ஏன் போனார்?

ஆர்கன்பிரியன்:
விருந்தாளியாக ஒரு பாட்டுப் பாடுவது வேறு, சொந்தக் குழுவின் முகமாக அதைச் சுமப்பது வேறு. அட்டையில் லிவ்கிரென் பெயர் இருந்தால் கேட்பவருக்கு அது லிவ்கிரென் சாட்சி. கன்சாஸ் பெயர் இருந்தால் ஆறு பேரின் சாட்சி.

நீங்கள் "தேடல்" என்ற சொல்லை எளிதாகத் தாண்டிவிட்டீர்கள். கேள்வியை யார் வேண்டுமானாலும் பாடலாம், அது எல்லோருடையதும். பதில் ஒருவருடையது. 1979-க்கு முன்பு அவர் எழுதியது கேள்வி.

பேஸ்கம்பி:
அண்ணன்மார் இருவரும் கன்சாஸிலேயே நிற்கிறீர்கள். மதம் மட்டுமே காரணமாக ஒருவர் விலகினால் எப்படி இருக்கும் என்பதற்கு ஃப்ளீட்வுட் மேக் குழு இருக்கிறது. 1971 பிப்ரவரி, லாஸ் ஏஞ்சல்ஸ். அதன் கிடாரிஸ்ட் ஜெரமி ஸ்பென்சர் ஹோட்டலிலிருந்து புத்தகக் கடைக்குப் போவதாகச் சொல்லிப் போனார், திரும்பவில்லை. சில நாள் தேடிய பிறகு சில்ட்ரன் ஆஃப் காட் என்ற மதக் கூட்டத்தில் இருந்தார். தலைமுடியை வெட்டியிருந்தார்கள், புதுப் பெயரும் வைத்திருந்தார்கள். மிச்சச் சுற்றுப்பயணத்தை முடித்துக்கொடுக்க, முந்தைய ஆண்டு விலகிய பீட்டர் கிரீனையே கூப்பிட வேண்டியிருந்தது. சண்டை இல்லை, பேச்சுவார்த்தை இல்லை, ஒரே பகலில் ஆள் இல்லை.

கிடாரிஸ்ட் கார்லோஸ் சாண்டானாவின் குழு நேர் எதிர். 1972-ல் அவர்களின் கேரவன்சராய் ஆல்பம் ஜாஸ் பக்கம் போய்விட்டது. குழுவிலிருந்து கிரெக் ரோலியும் நீல் ஷோனும் விலகினார்கள், பிறகு அவர்களின் ஜர்னி குழு உருவானது. ஆன்மிக குரு ஸ்ரீ சின்மோயின் சீடராகி கார்லோஸ் தேவதீப் என்ற பெயர் வாங்கியதைக் காரணமாகச் சொல்கிறார்கள். ஆனால் இசை அதற்கு முன்பே திரும்பிவிட்டது. வால்ஷ் இரண்டாவது வகை என்றுதான் எனக்குப் படுகிறது: இரண்டு ஆண்டு இழுத்து, ஸ்டுடியோவில் முறிந்தது.

வயலின்மணி:
அதேதான்! வால்ஷ் போனபின் என்ன நடந்தது என்று பாருங்கள். புதுப் பாடகர் ஜான் எலெஃபாண்டே கிறிஸ்தவர். எழுதுபவருக்கும் பாடுபவருக்கும் ஒரே நம்பிக்கை. ஆர்கன் சார் சொல்வது சரியென்றால் குழு நிம்மதியாக ஓடியிருக்க வேண்டும். 1982-ல் வைனல் கன்ஃபெஷன்ஸ் ஆல்பம் வந்தது, 'ப்ளே த கேம் டுநைட்' 17-ம் இடம். அதே ஆண்டில் வயலின்காரர் ராபி ஸ்டைன்ஹார்ட் விலகினார். 1983-ல் டிராஸ்டிக் மெஷர்ஸ், வயலினே இல்லாத கன்சாஸ். 9 பாட்டில் 6 எலெஃபாண்டே சகோதரர்களுடையவை, லிவ்கிரெனுக்கு வெறும் 3. அந்த ஆண்டோடு லிவ்கிரெனும் ஹோப்பும் போய்விட்டார்கள். மதம் ஒன்று, பங்கு வேறு. உடைத்தது பங்கு.

ஆர்கன்பிரியன்:
ஸ்டைன்ஹார்டைச் சொன்னது நல்லது. அவர் வயலின்காரர் மட்டுமல்ல, இரண்டாவது முன்னணிக் குரல். ஒரு பாடகருக்கு வரி ஒட்டவில்லை என்றால் மற்றவரிடம் கொடுக்கும் வழி அதுவரை இருந்தது, அதுவும் அடைபட்டது.

பங்குக் கணக்குக்கு வருகிறேன். 2000-ல் கன்சாஸின் சம்வேர் டு எல்ஸ்வேர் ஆல்பம். எல்லாப் பாட்டும் லிவ்கிரென் எழுதியவை. வால்ஷுக்குப் பூஜ்யம். பெரும்பாலும் பாடியவர் வால்ஷ்! பங்குதான் உயிர்நாடி என்றால் இதை எப்படி விளக்குவீர்கள்?

வயலின்மணி:
அந்த ஆண்டு வால்ஷுக்குத் தன் பாட்டுகளை வைக்கத் தனி இடம் இருந்தது, குளோசொலேலியா என்ற அவருடைய தனி ஆல்பம். 1985-ல் குழுவை மீண்டும் கூட்டியதே வால்ஷும் டிரம்மர் ஃபில் ஏஹார்ட்டும் கிடாரிஸ்ட் ரிச் வில்லியம்ஸும்தான், ஸ்டீவ் மோர்ஸைக் கிடாருக்குச் சேர்த்துக்கொண்டு. 2000-ல் லிவ்கிரென் வந்தது வால்ஷின் வீட்டுக்கு. 1981-ல் அது லிவ்கிரென் வீடு.

ஆர்கன்பிரியன்:
"யார் வீடு" என்பதை ஒப்புக்கொள்கிறேன், அது என் கணக்கில் இல்லை. ஆனால் 1981-ல் அந்த வீட்டில் வால்ஷைப் பாடச் சொன்னது விசுவாச அறிக்கை. லிவ்கிரென் காதல் பாட்டு எழுதித் தந்திருந்தால் அந்த அக்டோபரில் வால்ஷ் கதவைத் திறந்திருக்க மாட்டார்.