சோனி ஏ6400-க்கு விலை குறைந்த 56 மிமீ லென்ஸ்: உருவப்படத்திற்கு ஏற்றதா என்று எதை வைத்து மதிப்பிடுவது?

புதுவிழி (கேள்வி):

வணக்கம். சோனி ஏ6400 கேமராவை, அதனோடு வந்த 16-50 மிமீ ஜூம் லென்ஸுடன் பயன்படுத்தி வருகிறேன். நான் பெரும்பாலும் எடுப்பவை உருவப்படங்கள்தான். அந்த ஜூமின் ஒளி புகும் துளை (அபெர்ச்சர்) 50 மிமீ நிலையில் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறையத் துளை அகலும்) என்பதால் பின்னணி முகத்தோடு ஒட்டிக்கொண்டே நிற்கிறது. வெளிச்சம் சற்றுக் குறைந்தாலும் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன் அளவு) ஏறிவிடுகிறது. மணல் தூவியதுபோல் தோல் சொரசொரப்பாகத் தெரிகிறது.

சிக்மா 56 மிமீ எஃப் 1.4, வில்ட்ராக்ஸ் 56 மிமீ எஃப் 1.4 ஆகிய இரண்டையும் பார்த்துவைத்திருக்கிறேன். வில்ட்ராக்ஸின் விலை குறைவு என்பதால் மனம் அதன் பக்கம் சாய்கிறது. ஆனால் மதிப்புரைகளைப் படிக்கப் படிக்கக் குழப்பமே மிஞ்சுகிறது. ஒருவர் சோதனை அட்டையைப் படமெடுத்து மூலைகளில் கூர்மை போதாது என்கிறார். இன்னொருவர் அதே லென்ஸில் எடுத்த அருமையான முகங்களைக் காட்டுகிறார். உருவப்படத்திற்கு இவற்றில் எது பொருட்படுத்த வேண்டிய குறை, எது இல்லை? கேமராவின் கண்ணைத் தொடரும் ஃபோகஸ் மூன்றாம் தரப்பு (சோனி அல்லாத பிற நிறுவன) லென்ஸில் நம்பகமாக இயங்குமா? வாங்கிய பின் மாற்றிக்கொள்ளும் அவகாசத்துக்குள் எவற்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும்?

இருட்டறை (மறுமொழி):

சோதனை அட்டையை ஒதுக்கிவைத்துவிட்டு, நீங்கள் எடுக்கப்போகும் படத்திலிருந்து தொடங்குங்கள். உங்கள் கேமராவில் இருப்பது முழுச் சட்டத்தைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார்; அதில் 56 மிமீ லென்ஸ், முழுச் சட்டக் கேமராவில் 84 மிமீ தரும் பார்வைக் கோணத்தைத் தருகிறது. கேமராவை நெடுக்காகப் பிடித்து ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் ஏறத்தாழ 60 செமீ உயரமும் 40 செமீ அகலமும் சட்டகத்துக்குள் வரும். தலையும் தோளும் அதில் அடங்கும். அந்தத் தொலைவில் எஃப் 1.4-இல் கூர்மையாக இருக்கும் ஆழம் மொத்தமே 4 செமீ அளவுதான். மூலைகளில் இருப்பது அநேகமாக ஏற்கெனவே மங்கிப்போன பின்னணி. மங்கலான இடத்தில் லென்ஸ் எவ்வளவு கூர்மை என்று அளந்து ஆவதொன்றுமில்லை.

மாறாக, அந்த 4 செமீ எங்கே விழுகிறது என்பதில்தான் படம் நிற்கும் அல்லது வீழும். இரு கண்களுக்கும் இடையே சராசரியாக 6 செமீக்குச் சற்று அதிகமான இடைவெளி உண்டு. ஒருவர் முகத்தை 45 பாகை திருப்பினால் ஒரு கண் மற்றதைவிட 4 செமீக்கு மேல் பின்னால் போய்விடும். அருகிலுள்ள கண்ணில் ஃபோகஸ் சரியாக அமைந்தாலும் தூரத்துக் கண் எஃப் 1.4-இல் மங்கலாகத்தான் வரும். அது லென்ஸின் குறையன்று. இரண்டும் தெளிவாக வேண்டுமென்றால் எஃப் 2.8 வரை மூட வேண்டும், அப்போது ஆழம் இருமடங்காகும். கேமரா தொலைவிலுள்ள கண்ணையோ இமைமயிரையோ புருவத்தையோ பிடித்துக்கொண்டால் அந்தப் படம் பயன்படாது. ஆகவே என் வரிசையில் ஃபோகஸின் நிலைத்தன்மை முதலில் வரும், மங்கல் எப்படி அமைகிறது என்பது அடுத்து, கூர்மை அதற்கும் பின்னால். ஏ6400-இல் வலக்கண், இடக்கண் எதைப் பிடிக்க வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

நீங்கள் சொன்ன இரண்டு லென்ஸ்களும் கண் ஃபோகஸுடன் இயங்குபவையே. 2011-லேயே சோனி தன் ஈ-மவுண்ட்டின் (கேமராவில் லென்ஸ் பொருந்தும் இணைப்பு) அடிப்படைத் தகவல்களைப் பிற தயாரிப்பாளர்களுக்குத் திறந்துவிட்டது. இந்த மவுண்ட்டுக்கு இத்தனை மூன்றாம் தரப்பு லென்ஸ்கள் கிடைப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். சோனி ஏ1 போன்ற வேகமான கேமராக்களில் மூன்றாம் தரப்பு லென்ஸ் மாட்டினால் தொடர் படப்பிடிப்பு நொடிக்கு 15 படங்களோடு நின்றுவிடும் என்ற கட்டுப்பாடு உண்டு. உங்கள் கேமராவின் உச்ச வேகமே 11 என்பதால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

அசையாமல் உட்கார்ந்திருப்பவரை வைத்து ஃபோகஸைச் சோதித்தால் எல்லா லென்ஸும் தேறிவிடும். தொடர் ஃபோகஸில் வைத்து, அபெர்ச்சரை முழுதாகத் திறந்துகொண்டு, ஒருவரை உங்களை நோக்கி மெதுவாக நடந்து வரச் சொல்லித் தொடர்ந்து எடுங்கள். பின்னர் எல்லாப் படங்களையும் நூறு விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிக் கருவிழி எத்தனையில் தெளிவு என்று பாருங்கள். அவ்வப்போது ஒன்றிரண்டு தவறுவது இயல்பு. தவறுபவை எல்லாம் ஒரே பக்கமாக, எப்போதும் காதில் ஃபோகஸ் விழுவதுபோலத் தவறினால் கவனிக்க வேண்டும். மிரர்லெஸ் கேமராவில் சென்சாரிலேயே ஃபோகஸ் அளக்கப்படுவதால், பழைய எஸ்எல்ஆர் கேமராக்களில் இருந்த முன்பின் ஃபோகஸ் பிழையைத் திருகித் திருத்தும் தொல்லை இங்கே கிடையாது. ஆகவே தொடர்ந்து ஒரே பக்கமாகப் பிசகினால் முதலில் லென்ஸின் ஃபர்ம்வேரை (உள்ளே இயங்கும் மென்பொருள்) புதுப்பித்துப் பாருங்கள். சிக்மாவை கேமரா வழியாகவே புதுப்பிக்கலாம், வில்ட்ராக்ஸில் மவுண்ட்டின் பக்கமுள்ள யுஎஸ்பி துளை வழியாகக் கணினியில் இணைக்க வேண்டும்.

அகல்துளை (மறுமொழி):

இருட்டறை சொன்ன வரிசை எனக்கும் உடன்பாடுதான். கூர்மையைப் பற்றி இவ்வளவு எழுதும் மதிப்புரையாளர்கள் நிற விளிம்பைப் பற்றி ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. விலை குறைந்த, அகலமாகத் திறக்கும் லென்ஸ்களில் உருவப்படத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான். ஃபோகஸ் தளத்துக்கு முன்னால் இருப்பவற்றில் ஊதாச் சாயலும், பின்னால் இருப்பவற்றில் பச்சைச் சாயலும் படியும். நரைமுடி, மூக்குக் கண்ணாடியின் உலோகச் சட்டம், வெயில் பட்ட வெள்ளைக் காலர் ஆகியவற்றில் உடனே தெரிந்துவிடும். மூலைகளில் தோன்றும் பக்கவாட்டு நிறப்பிறழ்ச்சியை லென்ஸ் புரொஃபைல் (அந்த லென்ஸுக்கான மென்பொருள் திருத்தம்) தானாகவே நீக்கிவிடும், ஆனால் இந்த முன்பின் நிறப்பிறழ்ச்சி அதற்குக் கட்டுப்படாது. கையால்தான் திருத்த வேண்டும், திருத்தும்போது உதட்டின் நிறமும் சேர்ந்து வெளுக்கக்கூடும். எஃப் 2.8-க்கு மூடினால் வெகுவாகக் குறையும். சோதிக்கும்போது நரைமுடி உள்ள ஒருவரை வெளிச்சத்துக்கு எதிராக நிறுத்தி எஃப் 1.4, 2, 2.8 என மூன்றிலும் எடுத்து ஒப்பிடுங்கள்.

பின்னணி மங்கலைச் சோதிப்பவர்கள் இரவு விளக்குகளை எடுத்து அதன் வட்டங்களைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். இலைகளும் கிளைகளும் நெருங்கிய பின்னணியை ஆளுக்கு இரண்டு மூன்று மீட்டர் பின்னால் வைத்து எடுத்துப் பாருங்கள். கிளைகள் இரட்டைக் கோடுகளாகத் தெரிந்தால் அந்த லென்ஸ் முகத்திலிருந்து கண்ணை இழுத்துக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, லென்ஸின் மீது பழி விழுந்து உண்மையில் கேமரா அமைப்பிலிருந்து வரும் குறை. ஏ6400-இல் மின்னணு முன்திரை ஷட்டர் (ஷட்டரின் முதல் திரைக்குப் பதில் சென்சாரே மின்னணு முறையில் பதிவைத் தொடங்குவது) என்ற ஓர் அமைப்பு இருக்கிறது. அது இயங்கும்போது அபெர்ச்சரை அகலமாகத் திறந்து மிக வேகமான ஷட்டரில் எடுத்தால், பின்னணியின் ஒளிவட்டங்கள் ஒரு பக்கம் வெட்டப்பட்டதுபோல் அரைகுறையாக வரும். 1/1000 நொடிக்கு மேல் போகும்போது அதை அணைத்துவிடுங்கள். வெயிலில் எஃப் 1.4-ஐ அப்படியே பயன்படுத்தலாம் என்றும் எண்ண வேண்டாம். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100-இல் எஃப் 16-க்கு 1/100 நொடி போதும் என்பது பழைய கணக்கு. அங்கிருந்து எஃப் 1.4 ஏழு படிகள் (ஒவ்வொரு படியிலும் ஒளி இருமடங்காகும்), அதாவது 1/12800 நொடி. கேமராவோ 1/4000-இல் நின்றுவிடும். இரண்டு படிகள் ஒளியைக் குறைக்கும் என்டி 4 வடிகட்டி போட்டால் 1/3200-க்கு வரும். வடிகட்டி வாங்கும்போது விட்டத்தைப் பாருங்கள்: வில்ட்ராக்ஸுக்கு 52 மிமீ, சிக்மாவுக்கு 55 மிமீ.

நிழல்வரி (மறுமொழி):

பணம்தான் தடை என்றால் கையால் ஃபோகஸ் செய்யும் லென்ஸ்களையும் ஏன் பார்க்கக் கூடாது? டிடிஆர்ட்டிசன், 7ஆர்ட்டிசன்ஸ் போன்ற நிறுவனங்கள் 50 மிமீயை ஒட்டி அகலத் திறக்கும் லென்ஸ்களை இதைவிடக் குறைந்த விலையில் விற்கின்றன. மின்தொடர்பு இல்லாத லென்ஸை மாட்டும்போது லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும் என்ற அமைப்பை மெனுவில் இயக்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இருட்டறை (மறுமொழி):

பொறுமையாக உட்காரும் பெரியவரை எடுக்க அது சரி. எனக்கும் அவ்வகை லென்ஸ் பிடிக்கும். ஆனால் எஃப் 1.4-இல், கூர்மையான விளிம்புகளைத் திரையில் வண்ணக்கோடாகக் காட்டும் உதவியை மட்டும் நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும், ஏனெனில் அது முழு முகத்தையும் கூர்மை என்று காட்டிவிடும். கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும், அதற்குள் முகபாவம் போய்விடும். குழந்தைகளை எடுப்பவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

புதுவிழி:

மிகவும் நன்றி. இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. மிக அருகில் சென்று எடுப்பதில் இரண்டு லென்ஸ்களுக்கும் வேறுபாடு உண்டா? வாங்கிய லென்ஸில் ஒரு பக்கம் மங்கலாக இருந்தால் அது வடிவமைப்பின் இயல்பா, என் கைக்கு வந்த லென்ஸின் கோளாறா என்று எப்படிப் பிரித்தறிவது?

அகல்துளை (மறுமொழி):

சிக்மா 50 செமீ வரையிலும் வில்ட்ராக்ஸ் 60 செமீ வரையிலும் நெருங்கும். 60 செமீயிலேயே முகம் சட்டகத்தை நிரப்பிவிடும். அதற்கும் உள்ளே போனால் மூக்கு பெருத்துத் தெரியத் தொடங்கும், அது லென்ஸால் அல்ல, தொலைவால் நேர்வது. ஆகவே உருவப்படத்துக்கு இந்த வேறுபாடு பெரிதல்ல. முழு உருவம் வேண்டுமென்றால் ஐந்து மீட்டர் பின்னால் போக இடம் இருக்கிறதா என்பதே பெரிய கேள்வி; சிறிய அறைகளில் 56 மிமீ திணறும்.

ஒரு பக்க மங்கலுக்கு வருவோம். கேமராவை முக்காலியில் பொருத்தி, அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, தொலைவில் நுண்ணிய விவரமுள்ள ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதே விவரத்தை முதலில் மேல் இடமூலையிலும், பின்னர் மற்ற மூன்று மூலைகளிலும் வருமாறு கேமராவைத் திருப்பி, ஒவ்வொரு முறையும் அந்த மூலையிலேயே புதிதாக ஃபோகஸ் செய்து எடுங்கள். நடுவில் ஃபோகஸ் செய்தபோது மங்கலாக இருந்த மூலைகள் இப்போது நான்கும் ஒரே அளவுக்குத் தெளிந்தால், அது ஃபோகஸ் தளம் வளைந்திருப்பதால் வருவது. வடிவமைப்பின் இயல்பு, உருவப்படத்தில் தெரியாது. மூன்று தெளிந்து ஒன்று மட்டும், அல்லது ஒரு பக்கத்து இரண்டும் எப்படி ஃபோகஸ் செய்தாலும் மங்கலாகவே நின்றால், உள்ளேயுள்ள கண்ணாடிகளில் ஒன்று மையம் விலகியிருக்கிறது. உருவப்படத்துக்கு மூலை முக்கியமில்லை என்றாலும் இதை விட்டுவிடாதீர்கள். கண்ணைச் சட்டகத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கில், மோசமான பக்கத்தில் வைக்கும்போதெல்லாம் அது வெளிப்படும். அப்படியானால் நான்கு படங்களையும் ரா கோப்புகளாகவே (கேமரா திருத்தாத மூலப்பதிவுகள்) வைத்துக்கொண்டு, அவகாசம் முடிவதற்குள் லென்ஸை மாற்றித் தரக் கேளுங்கள்.