பழைய வீட்டில் இரண்டு அறைக்கு நாங்களே பெயிண்ட் அடிக்கிறோம், எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

ஊஞ்சல்பலகை (கேள்வி):
வீடு 1984-ல் கட்டியது. தங்கை தலைப்பிரசவத்துக்கு அடுத்த மாதம் வருகிறாள். அண்ணன் மகனுக்கு 3 வயது, வீட்டிலேயே இருக்கிறான். அதற்குள் நானும் தம்பியும் இரண்டு படுக்கையறையை முடித்துவிட நினைக்கிறோம். சுவருக்குப் பட்டி, பிரைமர், எமல்ஷன். கதவு, ஜன்னலுக்கு எனாமல். அவற்றில் பழைய பச்சை எனாமல் நாலைந்து கோட்டு இருக்கிறது, ஜன்னல் கீழ்ச்சட்டத்தில் செதில் செதிலாக உரிகிறது. எந்த மாஸ்க் வாங்க வேண்டும்? வேறு என்ன ஆபத்து?

தேக்குவாசல்:
முதல் கவலை அந்தப் பச்சை எனாமல்தான், புது பெயிண்ட் அல்ல. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. 1984 எனாமலில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். ஈயத் தூசி சின்னப் பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தாயின் ரத்தம் வழியாகக் கருவுக்கும் போகும். தேய்க்கிற நாட்களில் பையனை வேறு வீட்டில் விடுங்கள்.

கெட்டியாக ஒட்டியிருக்கும் இடத்தைச் சுரண்டவே வேண்டாம், லேசாகச் சொரசொரப்பாக்கினால் போதும். உரியும் இடத்தில் மட்டும் தண்ணீர் தெளித்து, 120 நம்பர் வாட்டர் பேப்பரால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) ஈரமாகவே தேயுங்கள். காய்ந்த எமரியும் கிரைண்டரும் கூடவே கூடாது. ப்ளோ லாம்ப் வைத்துச் சுடவும் கூடாது, சூட்டில் ஈயப் புகை கிளம்பும். கீழே பிளாஸ்டிக் ஷீட் விரித்து, வேலை முடிந்ததும் உள்பக்கமாகச் சுருட்டிக் கட்டுங்கள். விளக்குமாறு போட்டால் தூசி வீடு முழுக்கப் பறக்கும். ஈரத்துணியால் துடைத்து, தண்ணீரை மாற்றி இன்னொரு தடவை துடையுங்கள். போட்டிருந்த சட்டையைத் தனியாகத் துவையுங்கள்.

தேய்க்கும்போது N95, மூக்குப் பக்கம் காற்று கசியாமல் அழுத்தி. தாடி இருந்தால் மாஸ்க் ஒட்டாது. சர்ஜிக்கல் மாஸ்க் இதற்கு உதவாது.

மூணு_பேஸ்:
வீட்டில் இன்வர்ட்டர் இருக்கிறதா? இருந்தால் மெயினை மட்டும் ஆஃப் செய்துவிட்டு ஃபேனில் கை வைக்காதீர்கள். மெயின் போன மறு நொடியே ஃபேன், லைட் லைனுக்கு பேட்டரி கரண்ட் வந்துவிடும். இன்வர்ட்டர் முன்பக்க சுவிட்சை மட்டும் அணைத்தாலும் மெயின் கரண்ட் பைபாஸில் ஓடும். இரண்டையும் அணைக்க வேண்டும். அணைப்பதற்கு முன்பே, கரண்ட் இருக்கும் பாயின்ட்டில் டெஸ்டர் எரிகிறதா என்று பாருங்கள். எரியாத டெஸ்டரை நம்பித்தான் பலர் அடி வாங்குகிறார்கள்.

சுவிட்ச் பிளேட்டைச் சுற்றி பிரஷ் ஓட்டும்போதும் அதே கதைதான். எமல்ஷன் தண்ணீர் பெயிண்ட், உள்ளே வழிந்தால் ஷாக் அடிக்கும்.

ஏணி விஷயம்: மடக்கு ஏணியின் குறுக்குக் கம்பியை முழுதாக விரித்துப் பூட்டுங்கள், மேல் இரண்டு படியில் நிற்காதீர்கள். டைல்ஸ் மேல் பிளாஸ்டிக் ஷீட், அதன் மேல் ஏணி என்று வைத்தால் கண்டிப்பாகச் சறுக்கும். ஏணிக் கால் நிற்கும் இடத்தில் ஷீட்டை விலக்கி, அதன் அடியிலுள்ள ரப்பர் நேராகத் தரையில் பதியட்டும். கட்டில் மேல் ஸ்டூல் போடும் வழக்கம் வேண்டவே வேண்டாம். சீலிங்குக்கு ரோலரில் 4 அடி கம்பு மாட்டினால் பாதி நேரம் தரையிலேயே நின்று அடிக்கலாம்.

வாட்டர்பேப்பர்180:
மேலே சொன்ன N95 தூசிக்கு மட்டும். எனாமல், தின்னர் (பெயிண்டை நீர்க்கச் செய்யும் திரவம்) ஆவியை அது தடுக்காது. அதற்கு ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் (ரசாயன ஆவியை உறிஞ்சும் வடிகட்டி) போட்ட ரப்பர் மாஸ்க் வேண்டும், இல்லையென்றால் கழற்றக்கூடிய கதவுகளைக் கழற்றி வராந்தாவில் வைத்து அடியுங்கள். இதுதான் மலிவு.

காற்று விஷயத்தில் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். பட்டி தேய்க்கும்போது ஃபேனை நிறுத்தி, வீட்டுக்குள் திறக்கும் கதவை மூடி, இடுக்கில் ஈரத்துணி வையுங்கள். பெயிண்ட் அடிக்கும்போது எல்லாவற்றையும் திறந்து, டேபிள் ஃபேனை ஜன்னலில் வெளியே பார்த்து வைத்தால் ஆவி வெளியே போகும்.

கடையில் என்சி என்று விற்கும் தின்னரின் ஆவி அறை வெப்பத்திலேயே பற்றக்கூடியது, காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து பக்கத்து அறைக்கும் போகும். அடிக்கிற அன்று பூஜை விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு எதுவும் பக்கத்தில் எரியக் கூடாது. எனாமலும் லின்சீட் ஆயிலும் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால் உள்ளுக்குள் சூடேறித் தானே பற்றிக்கொள்ளும். விரித்து வெளியே காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய டப்பாவில் மூடி வையுங்கள்.

பட்டித் தூள் கண்ணில் விழுந்தால் தேய்க்காமல் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். அதில் வெள்ளை சிமென்ட் இருக்கிறது, கண்ணை அரிக்கும். கழுவிய பிறகும் எரிந்தால் கண் டாக்டரிடம் போங்கள்.

ஊஞ்சல்பலகை:
இன்வர்ட்டர் இருக்கிறது, நல்லவேளை கேட்டேன். கையில் ஒட்டும் எனாமலை மண்ணெண்ணெயில் கழுவலாமா? தங்கை எப்போது அந்த அறையில் படுக்கலாம்?

தேக்குவாசல்:
மண்ணெண்ணெயும் தின்னரும் தோலை வறட்டும், உள்ளேயும் இறங்கும். தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்தால் எனாமல் இளகும், பிறகு சோப்பு. எனாமல் வேலையை முதலில் முடித்து, சுவரைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள், ஆவி போக நாள் கிடைக்கும். தங்கை வருவதற்கு இரண்டு வாரம் முன்பே கடைசி கோட்டு முடியட்டும், பகலெல்லாம் ஜன்னல் திறந்திருக்கட்டும். ஒரு ராத்திரி அறையை மூடி வைத்து, காலையில் திறந்து பாருங்கள். வாடை அடித்தால் அங்கே படுக்க வைக்காதீர்கள்.